சாரின் நட்சத்திரம் ஆடவில்லை

மே 5, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில் கண்ணைக் குத்துகிறது. காற்று துளியும் இல்லை. உப்புக்கு நல்ல நாள். மனுஷருக்கு இல்லை.

அம்மாவின் வலது கையில் மாவுக்கட்டு. போன வாரம் உப்பளத்து வரப்பில் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. செய்தி கேட்டு ஹாஸ்டலிலிருந்து அப்படியே கிளம்பி வந்தேன். என் பிஎச்.டி. கைடு சார் உடனே லீவு கொடுத்தார். "வீட்லேருந்தே வேலை பாரு. அம்மா கூட இரு" என்றார். நல்ல மனிதர். இதை எழுதி வைத்துக்கொள்கிறேன். பிறகு கோபத்தில் மறந்துவிடக் கூடாது.

மதியம் மேஸ்திரி வந்தார். வாசலிலேயே நின்று அம்மாவிடம்: "கை சேர்ற வரைக்கும் எடத்த சும்மா வெச்சிருக்க முடியாதும்மா. சீசன் நேரம். வேற ஆள போட்ருவேன்."

அம்மா: "கை ஒண்ணுதான் ஒடஞ்சிது. காலு ரெண்டும் நல்லாத்தான இருக்குது?"

சிரிப்பதா அழுவதா. நான் உள்ளேயிருந்து: "அம்மா எடத்துல நான் வர்றேங்க."

"நீ டாக்டருக்குப் படிக்கிற பொண்ணாச்சே."

"அந்த டாக்டர் இல்லைங்க."

"எந்த டாக்டரா இருந்தா என்ன, பலகை புடிப்பியா?"

ஸ்கூல் லீவில் எல்லாம் உப்பு வாரப் பிடித்த பலகைதான். நாளையிலிருந்து வருகிறேன் என்றேன். அவர் போனதும் அம்மாவிடம் நல்ல திட்டு. "இதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்?" சோறு ஊட்டிவிட்டேன். வாயை மூட அதுதான் வழி.

மே 6, செவ்வாய்

உடம்பு முழுக்க வலி. பலகையைப் போட்டு உப்பை வாரி வரப்பில் ஏற்றும்போது முதுகில் எங்கே எத்தனை எலும்பு என்று தெரிகிறது. விரல் வெடிப்பில் உப்புத்தண்ணி. மதியம் லேப்டாப்பைத் திறந்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் எரிகிறது. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு டைப் அடித்தேன். கீபோர்டெல்லாம் எண்ணெய்.

டீ நேரத்தில் விமலா அக்கா (அம்மாவோடு பாத்தியில் வேலை செய்பவர்): "அப்படி என்னாதான் படிக்கிற, இத்தினி வருஷமா?"

"பல்சர்க்கா."

"எங்க தம்பி வெச்சிருக்கானே, அந்த வண்டியா?"

இல்லை, ஒரு வகை நட்சத்திரம் என்றேன். பாண்டி லைட்ஹவுஸ் மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை நம் பக்கம் ரேடியோ அலை அடிக்கும், அதைப் பெரிய ஆன்டெனாவில் பிடித்து அளக்கிறோம். அக்கா கேட்டுவிட்டு, "சரி, இந்த நட்சத்திர தோஷத்தால யாருக்கு கல்யாணம் ஆவாம இருக்குது, உனக்கா அதுக்கா?" என்றார். பாத்தியே சிரித்தது. நானும்.

அக்காவிடம் சொல்லாதது: சார் சில வருஷங்களுக்கு முன் ஒரு பல்சரைப் பற்றி எழுதினார். அதன் அலை மெல்ல வலுக்கிறது, பிறகு மங்குகிறது, திரும்ப வலுக்கிறது. ஆகவே அந்த நட்சத்திரம் பம்பரம் மாதிரித் தள்ளாடுகிறது என்றார். சாருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கட்டுரை. அதையே இன்னும் நுட்பமாகச் செய்யத்தான் என்னைச் சேர்த்தார்.

செய்தேன். நட்சத்திரம் ஆடவில்லை. வானத்தின் வேறு மூலையில் இருக்கும் இன்னொரு பல்சரும் அதே நாட்களில் அதே மாதிரி வலுக்கிறது, மங்குகிறது. சம்பந்தமே இல்லாத இரண்டு நட்சத்திரங்கள் சேர்ந்து ஆடாது. ஆடுவது நம் ஆன்டெனாவின் ரிசீவர். அது இருக்கும் அறையின் ஏசியை சர்வீஸ் செய்யும்போதெல்லாம் கிராஃபில் கோடு கீழே போகிறது. பிறகு அறை சூடாகச் சூடாக மெல்ல ஏறுகிறது.

ஏசி சர்வீஸ். அவ்வளவுதான் அந்தத் தள்ளாட்டம்.

மே 7, புதன்

மெயில். வருஷாந்திர ரிவ்யூ அடுத்த புதன், மதியம், ஆன்லைனில். கமிட்டி முன்னால் நான் பேச வேண்டும். இதில் பாஸ் ஆனால்தான் தீசிஸ் எழுத அனுமதி.

சாயங்காலம் சார் போன்.

"மூணு சாப்டர் போதும்மா. நாலாவது இப்ப வேணாம்."

நாலாவதுதான் ஏசி.

"ஏன் சார்?"

"இன்னும் செக் பண்ணணும். அவசரப்பட்டு சொல்லிட்டா உன் பேர்தான் கெடும்."

"பிப்ரவரியிலேயே எல்லாத்தையும் அனுப்பிட்டேனே சார். நீங்க பாத்தீங்களா?"

அதை விட்டுவிட்டு, "அந்த ஸ்லைடு இல்லாம ஒரு வெர்ஷன் எனக்கு அனுப்பிடு."

பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எங்கே தப்பு என்று சொல்லியிருப்பார். அவருடைய பழக்கம் எனக்குத் தெரியும்.

மே 9, வெள்ளி

முரளி அண்ணா பேசினார். எங்கள் லேபில் சீனியர், கோயம்புத்தூர்க்காரர். சார் சொல்லித்தான் பேசுகிறார் என்று இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது.

"கிரேஸ், மொதல்ல டிகிரிய வாங்கு. அப்புறமா புரட்சி பண்ணு."

"புரட்சி இல்லண்ணா. கிராஃப்."

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். சார் லெட்டர் குடுக்கலன்னா உனக்கு எங்க வேலை கெடைக்கும்? எங்களுக்கெல்லாம் வீட்ல ஏதாவது பின்பலம் இருக்கு. உன் நிலைமைக்கு இதெல்லாம் தேவையா?"

என் நிலைமை. அந்த வார்த்தையை அவர் எவ்வளவு மெதுவாக, பக்குவமாகச் சொன்னார். கோபத்தில் காது சூடாகிவிட்டது. என் நிலைமைக்காரி பொய்யைக் கொஞ்சம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஏதாவது சட்டமா?

"தேவைதாண்ணா" என்று மட்டும் சொன்னேன். போனை வைத்துவிட்டு அரைக் கிலோ வெங்காயம் உரித்தேன். சாம்பாருக்கு அவ்வளவு வேண்டியதே இல்லை.

மே 10, சனி

மோசமான நாள்.

என் வேலையில் தப்பு கண்டுபிடிக்க நானே உட்கார்ந்தேன். கண்டுபிடித்துவிட்டேன். அறையின் வெப்பக் கணக்கு இந்திய நேரத்தில் இருக்கிறது, நட்சத்திரத் தரவு உலகப் பொது நேரத்தில். நான் இரண்டையும் சேர்க்கும்போது மாற்றவே இல்லை. காலேஜ் பிள்ளை கூடச் செய்யாத தப்பு.

சார் சரியாக இருந்து நான் தப்பாக இருந்தால்? முரளி அண்ணா முகம் ஒரு தரம் கண்ணில் வந்து போனது. பின்பக்கம் போய்த் துணி துவைத்தேன். அம்மா புடவை, அப்பா லுங்கி, துவைத்ததையே திரும்பத் துவைத்தேன். தப்பென்றால் கமிட்டி முன்னாலேயே தப்பென்று சொல்வது, அதற்கும் தயார் என்று முடிவு பண்ணிக்கொண்டு உள்ளே வந்தேன்.

நேரத்தைத் திருத்தி மறுபடி ஓட்டினேன். முன்னால் அங்கங்கே கோடு பொருந்தாமல் துருத்திக்கொண்டிருந்ததே, அந்த இடமெல்லாம் படிந்துவிட்டது. முன்பைவிட நன்றாக.

தரையில் மல்லாந்து படுத்துச் சிரித்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "வெயில் ஏறிடிச்சா உனக்கு?"

மே 11, ஞாயிறு

கோயிலில் அம்மா எனக்காக மெழுகுவர்த்தி ஏற்றினாள், இடது கையால். என்ன வேண்டினாள் என்று வரும் வழியில் கேட்டேன்.

"சாரு மனசு கோணாம நீ பேசணும்னு."

"அம்மா!"

"பின்ன என்ன? அவருதான உன்னை சேத்துக்கினாரு. எதுத்துப் பேசாத. பெரியவங்க சொன்னா தலையாட்டிட்டு வந்துரு, உன் வேலை முடியட்டும்."

"தப்புக்குத் தலையாட்டினா அந்தப் படிப்பு எதுக்கும்மா?"

"சோத்துக்கு" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. அவள் பயப்படுவது நியாயம்தான். இருந்தாலும் நான் செய்யப் போவதைத்தான் செய்வேன். இரண்டும் ஒரே வீட்டில் இருக்க முடியும்.

அப்பா முன்னால் நடந்துகொண்டிருந்தார், திரும்பவில்லை. "பேசறதுன்னா சத்தமா பேசு. நீ போன்லயே முணுமுணுன்னுதான் பேசற."

மே 12, திங்கள்

மேகம். எல்லாரும் வேலையை விட்டு வானத்தையே பார்க்கிறார்கள். மழை பெய்தால் பாத்தியில் இருக்கும் உப்பு போச்சு. பெய்யவில்லை.

வீட்டில் சிக்னல் ஒரு கோடுதான். ட்ரயல் பார்த்தேன். என் முகம் உறைந்து போய், குரல் மட்டும் டவரில் மாட்டிய காக்கா மாதிரி. இது ஆகாது.

கோட்டக்குப்பம் ஷமீமாவுக்குப் போன் பண்ணினேன். காலேஜில் என் பெஞ்ச். வீட்டுக்காரர் துபாயில். நல்ல வைஃபை, இன்வெர்ட்டர் எல்லாம் உண்டு. "இதுக்குப் போயி பர்மிஷன் கேக்கறியா? வாடி. பசங்கள மாமியார் வூட்டுக்கு அனுப்பிடறேன்."

மே 13, செவ்வாய்

மேஸ்திரி: "நாளைக்கு லாரி வருது, லோடு ஏத்தணும். யாரும் லீவு கேக்காதீங்க."

"நான் நாளைக்கு வரலைங்க."

"இப்பத்தான சொன்னேன், லீவு கேக்காதன்னு."

"கேக்கலைங்க. சொல்றேன்."

எல்லார் பலகையும் ஒரு கணம் நின்றது. அவர் என்னையே பார்த்தார். விமலா அக்கா தலை நிமிராமல், "அவ பங்கு கூடைய நாங்க தூக்கிக்கறோம், விடுங்க மேஸ்திரி" என்றார். மேஸ்திரி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

சாருக்கு மெயில் போட்டேன். நாலு சாப்டரும் உள்ள ஸ்லைடு. "நாலாவதையும் பேசப் போகிறேன், சார்." முதுகுக்குப் பின்னால் செய்ய மாட்டேன். பதில் இல்லை.

மே 14, புதன்

பஸ்ஸில் நின்றுகொண்டே கோட்டக்குப்பம். ஷமீமா சாப்பிடாமல் விடவில்லை. பிரியாணி சாப்பிட்டுவிட்டு விண்மீன் பேச முடியாது என்றேன், காதில் வாங்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போகும்போது, "துவா பண்றேன். பயப்படாதே" என்றாள். பயம்தான்.

ஆங்கிலத்தில் நடந்ததைத் தமிழில் எழுதுகிறேன்.

மூன்று சாப்டர் சாதாரணமாகப் போனது. நாலாவது ஸ்லைடு வந்ததும் சார் கேமராவை அணைத்துவிட்டார். ஒரு கறுப்புக் கட்டம், அதில் அவர் பெயர். அந்தக் கட்டத்தைப் பார்த்தே பேசினேன். அப்பா சொன்ன மாதிரி சத்தமாக. இரண்டு பல்சரின் கோடு. அதன் மேல் அறையின் வெப்பக் கோடு. மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று.

சாரின் குரல்: "இந்த முடிவுகளை என்னோடு விவாதிக்கவில்லை."

"பிப்ரவரியில் அனுப்பினேன் சார். போன வாரம் போனில் பேசினோம். நேற்றும் அனுப்பினேன்."

வெளிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர்: "வேறு டெலஸ்கோப்பில் பார்த்தால் தள்ளாட்டம் தெரிந்தால் என்ன செய்வீர்கள்?"

"தரவு கேட்டிருக்கிறேன். தெரிந்தால் மாற்றி எழுதுவேன். இந்த டெலஸ்கோப்பை வைத்து மட்டும் அது ஆடுகிறது என்று யாரும் சொல்ல முடியாது."

யாரும் என்ற வார்த்தை வந்துவிட்டது. வரட்டும்.

கமிட்டித் தலைவி ஏதோ குறித்துக்கொண்டு முடிவைச் சொன்னார். நாலாவது சாப்டர் தீசிஸில் இருக்க வேண்டும். கைடு தனியாகச் சரிபார்த்துக் கமிட்டிக்கு எழுத வேண்டும். ரிவ்யூ பாஸ்.

லேப்டாப்பை மூடிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஷமீமா எட்டிப் பார்த்து, "ஜெயிச்சியா?"

"தெரியல. சொல்லிட்டேன்."

மே 15, வியாழன்

உப்பளம். நேற்றைய லோடில் எல்லாருக்கும் தோள்பட்டை போயிருந்தது. விமலா அக்காவிடம் மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்லப் போனேன். "அந்த சாரு என்னா சொன்னாரு, அத சொல்லு மொதல்ல." சொன்னேன். அக்கா: "கேமராவ ஆஃப் பண்ணிட்டாரா? அய்ய!"

சாரிடமிருந்து ஒன்றுமில்லை. லேப் குரூப்பில் யாரும் பேசவில்லை. முரளி அண்ணா என் மெசேஜைப் பார்த்தும் பதில் போடவில்லை. அம்மா இரண்டு தரம் கேட்டாள், "சாரு பேசினாரா?" இல்லை என்றால் முகம் வாடுகிறது. வருத்தம் இருக்கிறது. சொன்னதை மாற்றிக்கொள்ளும் எண்ணம் இல்லை.

மே 16, வெள்ளி

சார் கூப்பிட்டார். மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் எடுத்தேன், சிக்னலுக்காக.

"எல்லார் முன்னாடியும் என்னை அப்படி நிக்க வெச்சிட்டியே."

"தனியாதான் சார் மொதல்ல சொன்னேன். நீங்க கேக்கல."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "அந்தப் பேப்பர் எழுதினப்ப எங்கிட்ட இருந்தது பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு, ஒரே ஸ்டூடண்ட்" என்றார். என்னிடம் சொல்கிறாரா, தனக்குத்தானேயா, தெரியவில்லை. பிறகு குரல் மாறியது: "உன் ப்ரோக்ராம் கோட அனுப்பு. முழுசா. நானே முதல்லேருந்து ஓட்டிப் பாக்கறேன். தப்பு இருந்துச்சுன்னா கமிட்டிக்கு எழுதுவேன்."

"எழுதுங்க சார்."

அப்படியே அனுப்பினேன், ஒரு வரி கூட அழகுபடுத்தாமல். நடுவில் நான் எழுதி வைத்த குறிப்புகள் உட்பட. ஒரு இடத்தில் 'இந்த வரியைத் தொட்டால் கொலை' என்று இருக்கிறது. இன்னொரு இடத்தில் 'சார் இதை ஏன் பார்க்கவில்லை???' மூன்று கேள்விக்குறி. இருக்கட்டும்.

மே 19, திங்கள்

விடிகாலையில் தூறல். பிறகு நின்றுவிட்டது. பாத்தி பிழைத்தது. அம்மாவின் கட்டு இன்னும் பிரிக்கவில்லை, விரல் மட்டும் அசைக்கிறாள். இன்று கூடை தூக்கும்போது கழுத்து பிடித்துக்கொண்டது. மீன் குழம்பு, உப்பு அதிகம்.

மாலையில் போனில் சாரின் மெசேஜ். மூன்று நாளாக அவர் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஒரே வரி.

'அதேதான் வருது.'

மன்னிப்பு இல்லை. பாராட்டு இல்லை. கமிட்டிக்கு என்ன எழுதுவார், பழைய கட்டுரையை என்ன செய்வார், அதுவும் இல்லை. அம்மா தோளுக்குப் பின்னால் நின்று, "என்னா போட்ருக்காரு? தேங்க்ஸ்னு போடு, கண்ணு. நல்லபடியா போடு" என்றாள்.

நல்லபடியாகத்தான் போட்டேன்.

'தெரியும் சார்.'