முப்பத்தேழும் நாற்பத்தொன்றும்

1987 நவம்பர் 3, செவ்வாய்
விடாத மழை. பள்ளி விடுமுறை. பாகூர் ஏரி நிரம்பிவிட்டதாம். இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடி எழுதுவேன், எனக்கு வெட்கமாக இருந்தாலும்.

அக்கா கண் சிவந்து வீட்டுக்கு வந்திருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் நாள் முழுக்க நுண்ணோக்கி. பத்து நாள் எதையும் உற்றுப் பார்க்கக் கூடாது. அவளுடைய ஆராய்ச்சி நோட்டை நான் நல்லெழுத்தில் நகல் எடுக்கிறேன்.

எனக்குப் புரிந்தது: வெளிநாட்டில் கனமான அணுக்கருக்களை மோதவிடுகிறார்கள். தெறிக்கும் துகள்கள் படத்தட்டில் கோடுகளாகப் பதிகின்றன. ஒவ்வொரு கோட்டின் கோணத்தையும் அக்கா அளக்கிறாள்.

"எல்லாம் கொதிச்சி ஒரே சூடாயிட்டா, யாரு யாருகூட இருந்தாங்கன்னு மறந்துடும். அதான் வெப்பச் சமநிலை. கோணம் கண்டபடி கெடக்கும். மறக்கலன்னா ரெண்டு ரெண்டா ஒட்டி வரும்."

சோதிக்கும் வழி: வேறு வேறு மோதலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பொய் ஜோடி சேர்ப்பது. நிஜ ஜோடிகளோடு ஒப்பிடுவது.

"ஒண்ண ஒண்ணு பாத்ததே இல்லாத ஜோடியா? அப்பா ஒனக்குப் பாக்கற மாப்ள மாரி."

"வாய மூடிகினு எழுதுடி."

நவம்பர் 4, புதன்
ஜன்னலை மூட மறந்தேன். சாரல். அக்காவின் நோட்டில் பன்னிரண்டாம் மோதலின் பக்கம் முழுக்க மை கரைந்து நீலக் குளம். இருபது கோணங்கள். அக்கா கண் டாக்டரிடம் போயிருந்தாள். பயத்தில் இருபதையும் நானே எழுதிவிட்டேன், மனதில் வந்த எண்கள். கரைந்த பக்கம் அடுப்பில்.

"இன்னாடி எரியுது?" அம்மா.

"பழைய பேப்பர்மா."

வத்தக்குழம்பு. சாப்பிட முடியவில்லை.

நவம்பர் 6, வெள்ளி
முப்பது மோதல்களும் முடிந்தன. எந்தக் கோண வித்தியாசத்தில் எத்தனை ஜோடி என்று நான் எண்ணிச் சொல்ல, டாக்டர் பேச்சைக் கேட்காமல் அக்கா கிராப் தாளில் புள்ளி வைத்தாள். பொய் ஜோடிகளின் கோடு சமதரை. நிஜ ஜோடிகளின் கோட்டில், வித்தியாசம் குறைவான ஆரம்பத்திலேயே ஒரு மேடு.

"பாத்தியா! மறக்கலடி! இன்னும் ஞாபகம் வெச்சிருக்கு!" கட்டிக்கொண்டாள். இதைத் திங்கட்கிழமை, ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் அவளுடைய சாருக்கு அனுப்ப வேண்டும்.

பிறகு தனியாக, நானே எண் போட்ட பக்கத்தைப் பார்த்தேன். 37, 41. கீழே 173, 176.
37 – எங்கள் கதவு எண்
41 – மார்க்கெட்டில் அப்பா கடை
173 – அப்பா சைக்கிளுக்குக் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் தந்த வரி வில்லை
176 – ரேஷன் கார்டு
நானாக நினைத்த எண் ஒன்றுகூட இல்லை.

நவம்பர் 7, சனி
அக்காவிடம் சொல்லிவிட்டேன். அழுதேன். அவள் திட்டவில்லை. என்னென்ன எண்கள் என்று மட்டும் கேட்டாள். சொன்னதும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

அந்தப் பக்கத்தை நீக்கி மறுபடி எண்ணினோம். மேடு கொஞ்சம் தாழ்ந்தது. போகவில்லை.

"அப்ப நெஜந்தான்கா!"

அக்கா சிரிக்கவில்லை.

நவம்பர் 8, ஞாயிறு
மழை நின்றுவிட்டது. தவளைச் சத்தம்கூட இல்லை. மத்தியானம் அக்கா தூங்கினாள். மிச்ச மேடு எந்த ஜோடிகளால் என்று அவளுடைய நோட்டில் தேடினேன்.

பத்தொன்பதாம் மோதல்: 37, 41. நாலு வரி தள்ளி 173, 176.
இருபத்திரண்டு: 176, 173.
இருபத்தாறு: 41, 37.

அக்காவின் கையெழுத்து. நான் தொடாத பக்கங்கள். மூன்றிலும் தேதி, அவள் கண் சிவந்த வாரம்.

எங்கோ உடைந்த அணுவுக்கு எங்கள் கதவு எண் எப்படித் தெரியும்?

நிமிர்ந்தேன். அக்கா விழித்திருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. சிவந்த கண் இமைக்கவே இல்லை.

"கோடு மங்கலாத் தெரிஞ்சப்ப எனக்கு வந்த அதே நம்பருங்கதான் ஒனக்கும் வந்துச்சில்ல?" என்றாள், மெதுவாக.

"அனுப்பாதக்கா."

நோட்டை வாங்கித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். உறையில் சாருடைய விலாசம் எழுதி, தபால்தலையும் ஒட்டியிருக்கிறது. இதை எழுதும்போது மணி ஆறேகால். இப்போது எழுந்து வருகிறாள்.

"கண்ணு எரியுதுடி."

விளக்கை அணைத்துவிட்டாள். இந்த வரியை இருட்டில் எழுதுகிறேன்.