செச்செக்கின் கடிதமும் என் சிவப்புப் பேனையும்

நவம்பர் 12, புதன்

முதல் பனி. ஜன்னல் விளிம்பில் ஒரு விரல் உயரம்.

முதலில் ஒரு திருத்தம். நான் ரஷ்ய மொழி படிக்கவில்லை. தலையும் குழம்பவில்லை. லிஃப்டில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். அடுத்த வீட்டு வசந்தி இன்று நேரிலேயே கேட்டாள்.

"அன்ரி, நீங்கள் ரஷ்யன் படிக்கிறியளாமே? கதவடியால போகேக்க யூ, யூ எண்டு ஒரே சத்தம். நான் நினைச்சன் கேத்தில் கொதிக்குதெண்டு."

"ரஷ்யன் இல்லைப் பிள்ளை. அல்தாய்."

"அதென்ன, சாப்பாடே?"

விளக்கவில்லை. சைபீரியாவின் தெற்கில் ஒரு மலைநாடு என்று தொடங்குவதற்குள் லிஃப்ட் கீழே வந்துவிடும். எழுத்து ரஷ்யர்களின் சிரிலிக். மொழி வேறு. தங்கள் ஒலிகளுக்கென்று நான்கு எழுத்துகளைக் கூட்டி வைத்திருக்கிறார்கள்: Ј, Ҥ, Ӧ, Ӱ. வசந்தி கேட்டது கடைசி எழுத்தை. உதடு 'உ' என்று குவிய வேண்டும், நாக்கு 'இ' என்று நிற்க வேண்டும். கண்ணாடி முன் பழகுகிறேன். வயது எழுபத்தெட்டு. கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

தபால் பெட்டி: கடை விளம்பரம் இரண்டு, பல் வைத்தியரின் நினைவூட்டல். செச்செக்கிடமிருந்து ஒன்றுமில்லை. நான் தபாலில் போட்டுப் பதினாறு நாள்.

நவம்பர் 13, வியாழன்

காற்று. மைனஸ் நான்கு.

உடுப்புத் தோய்த்தேன். வியாழன் காலை பத்து மணி, கீழ்த்தளத்து லொண்டரி அறை. எங்கள் நேரம். என்னுடையதும் செ.யுடையதும். (செச்செக் என்று முழுவதும் எழுதக் கை நோகிறது. இனி செ.)

செ. என்னைவிட நான்கு வயது இளையவள். அவளும் விதவை. மகள் அயானாவோடு ஆறாம் மாடியில் இருந்தாள். ஆங்கிலம் பத்துச் சொல். உடுப்பு காய முக்கால் மணி நேரம். அந்த நேரத்தில், மடிக்கும் மேசையில், இரண்டு வருடம் எங்கள் படிப்பு. அவள் தன் ஊர்ச் சிறுவர் எழுத்துப் புத்தகம் கொண்டுவருவாள். நான் இரட்டைக் கோட்டுக் கொப்பி. அவள் எனக்கு а, நான் அவளுக்கு அ.

மறக்காமல் இருக்க:

Ҥ. நம்முடைய ங். முதல் நாளே சொல்லிவிட்டேன். செ. கை தட்டினாள்.

ы. 'பாட்டு' என்று முடிக்கும்போது கடைசியில் தேய்கிற உகரம். நமக்குக் குற்றியலுகரம் என்று பெயர் மட்டும்தான். அவர்களிடம் தனி எழுத்தே இருக்கிறது. கொஞ்சம் பொறாமை.

туу மலை. суу தண்ணீர். நெடிலென்றால் இரண்டு முறை எழுத்து.

Ј. பார்க்க ஆங்கில எழுத்துப் போல. ஒலி அது அல்ல. நாக்கை அண்ணத்தில் ஒட்டி 'த்ய' என்று மெதுவாக விட வேண்டும். இன்னும் வரவில்லை.

நான் அவளுடைய கொப்பியைச் சிவப்பு மையில் திருத்துவேன். கொன்வென்ற் பள்ளிக்கூடத்தில் பழகியது. ஒருவர் கொப்பியை மற்றவர் திருத்தி, மதிப்பெண் இட்டு, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். திருத்தாமல் கொடுப்பது எழுதியவரை மதிக்காததற்குச் சமம் என்பார் சிஸ்ரர். செ. என் கொப்பியில் ஒருநாளும் கோடு போட்டதில்லை. மேசையில் விரலால் தட்டுவாள். சரியாக வந்ததும் தட்டுவதை நிறுத்துவாள். அவ்வளவுதான்.

அவள் ஃபிளாஸ்க்கில் உப்புப் போட்ட பால் தேநீர். சீனியென்று நினைத்து உப்பைப் போட்டுவிட்டாள், பாவம், என்று நான் மூன்று மாதம் வாய் திறக்கவில்லை.

இன்று மேசையில் யாரோ ஒற்றைக் காலுறை விட்டுப் போயிருந்தார்கள்.

நவம்பர் 15, சனி

மழை, பனி, இரண்டும்.

வாங்க: பால், கறிவேப்பிலை, தபால்தலை (தேவைப்பட்டால்).

செ. குடிபோன விட்பி ஊருக்குப் போன் எடுத்தேன். செ.யே எடுத்தாள். "எஸென்" என்றேன், அவர்களுடைய வணக்கம். "வணக்கம்" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு பேரிடமும் சொல் இல்லை. மேசை இல்லாமல், புத்தகம் இல்லாமல், விரல் இல்லாமல் என்ன பேசுவது? யார் முதலில் வைத்தது என்று தெரியவில்லை. நானாக இருக்கலாம்.

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். ஒக்ரோபர் 25 அன்று அயானா விட்பியில் வீடு வாங்கித் தாயோடு போய்விட்டாள். அன்று காலை என் கதவடியில் ஒரு தாள், நான்காக மடித்து. அல்தாய்ச் சொற்கள், தமிழ் எழுத்தில். ஒன்பது வரி. பொருள் தெரியவில்லை. உரக்க வாசித்தேன், அழகாக இருந்தது. எழுத்துகள் மட்டும் கோணல். முதல் சொல்லில் 'ஜெ' மிக மோசம், கொம்பு கவிழ்ந்து கிடந்தது. ஏழு இடத்தில் சிவப்புக் கோடு, கீழே பத்துக்கு ஆறு, கையெழுத்து. திங்கட்கிழமை புது முகவரிக்குத் தபாலில்.

என்ன எழுதியிருந்தாள் என்று கேட்கத் தோன்றவில்லை. கொப்பித்தாள் அல்ல அது என்பதும் இப்போதுதான் உறைக்கிறது. கோடில்லாத நல்ல தாள்.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில். வெளியே போகவில்லை.

மகன் ரகுவின் ஞாயிற்றுக்கிழமைப் போன். பதினொரு நிமிடம்.

"அம்மா, உது என்னத்துக்கு இப்ப? ஆரோட கதைக்கப் போறியள் உந்தப் பாஷையில?"

"ஆரோடயாவது."

"மறதிக்கு நல்லதெண்டு டொக்டர் சொன்னவரோ?"

"எனக்கு மறதி இல்லை. நீ போன மாசம் சொன்னதும் ஞாபகம் இருக்கு. பனிக்காலத்துக்கு என்னை உன்ர வீட்டை கூட்டிக்கொண்டு போறனெண்டாய்."

"ஐயோ அம்மா, பேஸ்மென்ற் வேலை முடியேல்லை. வாற வருஷம் கட்டாயம்."

சரி என்றேன். ரகுவின் அப்பா இருந்திருந்தால் எதிர்க் கதிரையில் இருந்து கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்த்திருப்பார்.

நவம்பர் 18, செவ்வாய்

நடைபாதையெல்லாம் கண்ணாடிப் பனி.

அயானா வந்தாள். கட்டடக் கதவுத் திறப்பை அலுவலகத்தில் ஒப்படைக்க வந்தவள், என் கதவையும் தட்டினாள். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். ஆங்கிலத்தில்தான் பேச்சு.

"அம்மா ஒன்று கேட்டு வரச் சொன்னார். ஆறு என்றால் ஆமா? இல்லையா?"

எனக்கு விளங்கவில்லை. அவள் போனில் அந்தத் தாளின் படத்தைக் காட்டினாள். என் சிவப்புக் கோடுகள். அவ்வளவு தடிப்பாகவா போட்டேன்?

"இதில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்வது கஷ்டமாக இருந்தது. சொன்னேன்.

வாசித்துப் பொருள் சொன்னாள். அப்படியே எழுதுகிறேன். "அக்கா. இன்று போகிறோம். அங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது. என் அறைக்குப் பக்கத்தில் ஓர் அறை சும்மா இருக்கிறது. ஜன்னலில் மரம் தெரியும். பனி முடியும்வரை என்னோடு வந்து இருங்கள். மகளுக்கும் சம்மதம். வருவீர்களா என்று எழுதுங்கள்."

கொம்பு கவிழ்ந்த முதல் சொல் 'எஜெ'. அக்கா.

"ஒரு மாதமாக எழுதினார்," என்றாள் அயானா. "உங்கள் தாள் வந்த அன்று பத்துத் தரம் திருப்பிப் பார்த்தார். பிறகு மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டார். நீங்கள் போன் எடுத்தபோதும் கேட்கப் பயம்."

"அறை?"

"பதில் வரவில்லையே. பெட்டிகளை அடுக்கிவிட்டோம்." போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அம்மாவிடம் என்ன சொல்ல?"

வருகிறேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். எழுதிக் கேட்டதற்கு எழுத்தில்தான் பதில் என்று சொல்லி அனுப்பினேன். தேநீர்கூடக் கொடுக்கவில்லை.

நவம்பர் 19, புதன்

மூடுபனி. எதிர்க் கட்டடம் இல்லை.

காலை முழுவதும் கடிதம். அவள் தன் சொற்களை என் எழுத்தில் எழுதினாள். நான் என் சொற்களை அவள் எழுத்தில். அவள் உரக்க வாசிக்கட்டும். பொருள், அயானாவுக்கு ஆங்கிலத்தில் தனித் தாளில். நான்கு தாள் கெட்டது. ழவுக்கு அவர்களிடம் எழுத்து இல்லை. л போட்டேன். பிழையென்று தெரிந்தே விட்டேன். ஒற்று மிகுந்ததா என்றும் திரும்பப் பார்க்கவில்லை. உறைக்குள் என் சிவப்புப் பேனையையும் வைக்கிறேன்.

முதல் சொல் таҥгаччи. அந்த ҥ மட்டும் நன்றாக வந்தது. தமிழில் நகல் இங்கே:

தங்கச்சி,

ஆறு ஒரு பதில் அல்ல. அது என் பிழை. உம்முடைய கடிதத்தை நான் வாசிக்கவில்லை, திருத்தினேன். மன்னியும். நான் வருகிறேன், அறை இன்னும் இருக்குமானால். பெட்டிகளோடு இருந்தாலும் பரவாயில்லை. உப்புத் தேநீர் எனக்குப் பிடிக்கும். இதில் உள்ள பிழைகளை இந்தப் பேனையால் திருத்தும்.

அறை இருக்கிறதா, இல்லையா? எழுத்தில் பதில் போடும்.