சிவப்புமூடி டப்பா

அன்பு மருமகளுக்கு, அத்தை ஆசீர்வாதத்துடன் எழுதுவது. சாமி புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறேன். அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாயா? வெளியே போனால் காதை மூடிக்கொள். உன் அப்பா, அதான் என் அருமைத் தம்பி, நீ பேசப்போகிற கூட்டத்தின் அழைப்பிதழைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டான். என்னால்தான் அதைப் பார்க்க முடியவில்லை.

ஏன் என்று போனில் சொல்ல வாய் வரவில்லை. நான் பாத்திரம் கழுவுகிற நம் லேபில் உன் எதிர் மேசை அம்மா நாளை அந்தக் கூட்டத்துக்குத்தான் கிளம்புகிறார். அவர் கையில் இதை ஒட்டிக் கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமை மேடை ஏறுவதற்குள் படித்துவிடு.

அந்த அம்மா உன் இரும்புப் பொடி வேலையை இந்த வாரம் மறுபடி செய்து பார்த்தார். மூலக்கூறு என்பது ஒரே மாதிரி இருபது ஹைட்ரஜன் பொத்தான் வைத்த சட்டை, அதில் இரும்பு போய் பதினோராவதை மட்டும் பிரித்துவிட்டு நைட்ரஜன் பொத்தானைத் தைக்கிற மாதிரி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாயே, அதேதான். மூன்று குடுவை வைத்தார். ஒரு பொத்தானும் அசையவில்லை. "அவ கைராசி நமக்கு இல்லக்கா"ன்னு என்னைப் பார்த்துச் சிரித்தார். புதுப் பொடி பிரித்து நாலாவது வைத்தார், வந்துவிட்டது. பழைய பொடிதான் கெட்டுப்போச்சு என்கிறார்.

பொடி இல்லை, தங்கம். முதல் மூன்று குடுவைக்குள் கலக்கிவிடச் சுழன்றது கடையிலிருந்து வந்த புதுக் காந்தம். நாலாவதில் சுழன்றது உன் சிவப்புமூடி டப்பாவிலிருந்த பழசு. கழுவுகிறவளுக்குத்தான் அது தெரியும்.

நீலமூடி டப்பாக் காந்தம் ரோடியம் என்கிற அந்த விலை கூடின உலோக வேலைக்கு, சிவப்புமூடி உன் இரும்புக்கு, தனித்தனித் தொட்டியில் கழுவணும் என்று முதல் நாளே சொன்னாய். "கண்ணுக்குத் தெரியாத தூசி போதும் அத்தை, எல்லாம் பாழாயிடும்"னு சொன்னாய். இவளுக்குச் சுத்தப் பைத்தியம் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். இடுப்பு வலி வந்த பிறகு, நாலு மாசமாக இரண்டையும் ஒரே தொட்டியில்தான் ஊறப்போட்டேன். துடைத்துப் பளிச்சென்று பிரித்து வைத்துவிடுவேன். உன் இரும்பு ஜெயித்ததும் அதே நாலு மாசத்தில்தான். பழைய காந்தத்தில் ஒட்டின ரோடியம் தூசிதான் பொத்தானைத் தைத்ததோ என்று பயமாக இருக்கிறது.

இரும்பே போதும் என்று நீ அத்தனை பேர் முன்னால் சொல்லி, நாளைக்கு எவனாவது புதுக் காந்தம் போட்டுப் பார்த்து உன்னைப் பொய்க்காரி என்றால் நான் என்ன செய்வேன்?

புதுசு வந்துவிட்டதால் பழைய காந்தங்களைக் குப்பையில் போடச் சொன்னார்கள் லேபில். போட்டால் யாருக்கும் தெரியாது. குப்பைக்கூடை வரைக்கும் போனேன். மேலே இருக்கிறவன் பார்க்கிறானே என்று திரும்பி வந்துவிட்டேன். நீ வந்து சோதித்துப் பார்க்கட்டும் என்று, கழுவாமல், துணியில் முடிந்து என் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

அஞ்சாம் வகுப்புக்காரியின் உளறல் என்றால் சிரித்துவிட்டு மேடை ஏறு. இல்லையென்றால் பழியை என் மேல் போடு. அத்தை என்று சொல்லக் கூச்சமாக இருந்தால், பாத்திரம் கழுவுகிறவள் என்று சொல். நீ வாங்கிக் கொடுத்த வேலை போனால் போகட்டும்.

சாமி உன் நாக்கில் நிற்கட்டும். ஊர் திரும்பியதும் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, அத்தைன்னு கூப்பிட்டுத் திட்டு.

இப்படிக்கு,
உன் அத்தை