இரும்புத் தண்ணீரில் வந்த முகம்

என் ஆசை மாமாவுக்கு,

ஆம்பூரிலிருந்து உங்கள் அஞ்சலை எழுதுகிறேன். எழுத்து நம் மகள் பார்வதி சொல்லிக் கொடுத்தது. தப்பிருந்தால் அவளைத் திட்டுங்கள், என்னை அல்ல.

அவளை நீங்கள் பார்க்கவேயில்லை. தென்னாப்பிரிக்காவில் நேட்டாலில் இங்கிலீஷ்காரனுக்கும் போயர்க்காரனுக்கும் சண்டை மூண்டு, நிலக்கரிச் சுரங்கத்துக் கூலி லைன் வீட்டை விட்டு ஓடினோமே, அன்று அவள் என் வயிற்றில் இருந்தாள். பீரங்கிக் குண்டு விழுந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். புகை அடங்கிப் பார்த்தேன். கை அப்படியே என் கையில் இருந்தது. முகம்தான் இல்லை. உங்களைப் புதைக்கக்கூட விடாமல், பின்னால் ஓடி வந்த கூட்டம் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. பாவிகள்! அவர்கள் சண்டைக்கு நாமா கிடைத்தோம்?

அதற்கப்புறம் கண்ணை மூடினால் அந்தச் சிதைந்த சதைதான். நீங்கள் சிரித்தது, கோபித்தது எல்லாம் எங்கோ போய்விட்டது. கப்பலேறி மதராசில் இறங்கி, இங்கே தோல் பதனிடும் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தும் அது விடவில்லை. பேச்சு வந்ததும் பார்வதி கேட்டாள், "அப்பா எப்பிடிம்மா இருப்பாரு?" என்ன சொல்வேன் மாமா? வாய் அடைத்துப்போய் நின்றேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆவாரம்பட்டையில் பதமான தோல்களை அடுக்கிவிட்டு, ஈரக் கத்தியை அதன்மேல் வைத்துவிட்டேன். கத்தி பட்ட இடம் கன்னங்கரேலென்று கறுத்துவிட்டது.

"இன்னாடி பண்ணி வச்சிக்கிறே? பட்டைத் தோல் மேல இரும்பு படலாமா?" என்று மேஸ்திரி தோல்வாரால் விளாசினான். நான் அவன் கையைக் கவ்விவிட்டேன். ரத்தம் வந்தும் விடவில்லை. அந்தக் குண்டு போட்டவனே கையில் சிக்கியது போல இருந்தது எனக்கு. முதலாளி சாயபு ஓடி வந்து பிரித்தார்.

"பேஜார் பண்ணாதீங்க ரெண்டு பேரும். இந்தத் தோல் இனிமே கப்பல்ல அனுப்ப ஆவாது. நீயே எடுத்துட்டுப் போம்மா."

வீட்டில் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு துருப்பிடித்த ஆணிகளைப் புளித்த கஞ்சியில் ஊறப்போட்டேன். வேப்பங்குச்சி நுனியை மென்று, அந்த இரும்புத் தண்ணீரில் தோய்த்துத் தோலில் அடித்தேன். வரைந்தேன் என்று சொல்ல மாட்டேன், அடித்தேன். குண்டு, புகை, வயிறு கிழிந்த மாடு, மிதிபட்ட பிள்ளை. காயக் காய எல்லாம் கறுத்து எழுந்தன. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்புறம் கறை பட்ட தோல் எது கிடைத்தாலும் வரைந்தேன். அந்த மேஸ்திரியே எடுத்து வைப்பான். "இந்தா, கறைத் தோலு. கடிச்சிடாதே தாயே!" என்பான். எல்லாவற்றையும் வரைந்தேன், உங்கள் முகத்தைத் தவிர. அது வரவில்லை.

இந்த வருஷம் பார்வதிக்குப் பள்ளிகொண்டாவில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பெண், செத்தவர்களுக்குப் படையல் வைத்து உத்தரவு கேட்க வேண்டும் அல்லவா? உங்களுக்குப் பதிலாக ஒரு செம்பு வைத்து வேட்டி சுற்றலாம் என்றார்கள். பார்வதி முறைத்துக்கொண்டாள்.

"செம்பப் பாத்து அப்பான்னு கூப்பிட எனக்கு வாய் வர்ல. அப்பாகிட்ட சொல்லாம நான் போவவும் மாட்டேன்."

பிடிவாதம் யாருடையது என்று உங்களுக்குத் தெரியும்.

நல்ல தோல் ஒன்றைச் சாயபுவிடம் கேட்டு வாங்கி வந்து உட்கார்ந்தேன். குச்சியை வைத்தால் மறுபடியும் அதே குண்டு, அதே சதை. கோபத்தில் கத்தினேன். "யோவ் மாமா! உன் பொண்ணுக்கு மூஞ்சியக் காட்டுய்யா!" வாழ்நாளில் உங்களை யோவ் என்று கூப்பிட்டது அன்றுதான். கூப்பிட்டதும் அழுகை பீறிட்டது. கிண்ணத்தில் இருந்த அத்தனை தண்ணீரையும் தோலில் கொஞ்சங் கொஞ்சமாக வாரி வாரி அடித்து, முழுக்கக் கறுப்பாக்கப் போனேன்.

பாதியில் கை நின்றது. சுரங்கத்திலிருந்து நீங்கள் ஏறி வரும்போது இப்படித்தானே இருப்பீர்கள்? முகமெல்லாம் கரி, வெளியே தெரிவது கண்ணும் பல்லும் மட்டும். அவசரமாகக் கண்ணுக்கு இடம் விட்டேன். பல்லுக்கு இடம் விட்டேன். இடப்பக்கம் அந்தத் தெத்துப்பல்லுக்கும் விட்டேன். மற்றதை எல்லாம் கறுப்பாக்கினேன். நீங்கள் சிரித்தீர்கள், மாமா.

படையலன்று சம்பந்தியம்மா முகத்தைச் சுளித்தார். "இன்னா இது, கல்யாண வூட்ல பேய்ப் படம்?" பார்வதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் விரலால் தன்னுடைய தெத்துப்பல்லைத் தொட்டாள்.

"இது இவரு குடுத்ததாம்மா?" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் குனிந்து தரையில் நெற்றியை வைத்தாள்.

"அப்பா, போய்ட்டு வர்றேன்."

மாமா, நாளைக்கு அவளுக்கும் பிள்ளைகள் பிறக்கும். அவர்கள் வந்து கேட்டால் நான் வாயடைத்து நிற்க மாட்டேன். உங்களைக் கொன்ற சண்டையையும் வரைந்து காட்டுவேன், உங்கள் சிரிப்பையும் காட்டுவேன். இது உங்கள் மேல் சத்தியம்.

பார்வதிக்குத் தாயும்,
என்றைக்கும் உங்கள் பெண்டாட்டியுமான
அஞ்சலை