நீ சுற்றிக் காட்டிய பதினோரு கோட்டைகள்

பழங்காநத்தம், மதுரை
14-2-1982

அன்பு மகன் சோணைமுத்துவுக்கு ஐயா எழுதுவது. நீயும் உன் மனைவியும் பேத்தியும் அந்தச் சீமைக் குளிரில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் சுகமாக இருக்கப் பாண்டி முனீசுவரரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் சுகம் என்று எழுத வேண்டிய இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது, அதனால் அதை எழுதாமலே விடுகிறேன். இந்த வருசம் மழை ஏமாற்றிவிட்டது, தெருக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். உன் தங்கை மலையம்மாள் திருவாதவூரிலிருந்து பிள்ளைகளோடு வந்து இங்கேயே தங்கி அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள், மாப்பிள்ளை பால்பாண்டி வாரத்துக்கு ரெண்டு தரம் பஸ் ஏறி வந்து போகிறார். அம்மா வயிற்றில் இருப்பது கட்டிதான் என்றும், அறுத்தாலும் பிரயோசனம் இல்லை என்றும் பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டதைப் போன மாதமே எழுதியிருந்தேன். சித்திரைத் திருவிழா வரை இருந்தால் பெரிசு என்கிறார்கள். அதற்கு உன்னிடமிருந்து வந்த பதில், ஒரு கோட்டைப் படம் போட்ட கார்டு, அதன் பின்னால் லீவு கிடைக்கவில்லை என்று ரெண்டு வரி. அந்தக் கார்டைப் பார்த்த பிறகுதான் மனதில் இருப்பதை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

போன ஆனி மாதம் நான் அங்கே வந்து மூன்று வாரம் இருந்ததில் உனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை, ஆனால் என் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்பது உனக்குத் தெரியாது. பசுமலைக் காலேஜில் முப்பத்திரண்டு வருசம் மணி அடித்து, வகுப்பறைகளைக் கூட்டிப் பெருக்கி, சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தவன் நான். நீ அதே காலேஜில் படித்த நாலு வருசமும் வராந்தாவில் என்னைத் தாண்டிப் போகும்போது ஒருநாளும் முகத்தைத் திருப்பியதில்லை, நின்று, ஐயா சாப்பிட்டீகளா என்று கேட்டுவிட்டுத்தான் போவாய். கூட வருகிற பையன்கள் பார்ப்பார்களே என்று எனக்குத்தான் கூச்சமாக இருக்கும். அந்தப் பிள்ளையான நீ டிக்கெட் அனுப்பிக் கூப்பிட்டபோது, ஒரு ஆளுக்குத்தான் டிக்கெட் என்றதும் உன் அம்மா, நீங்க போயி பேத்தியக் கண்ணாரப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க, எனக்கு அது போதும் என்று என்னை அனுப்பிவைத்தாள்.

ஏரோப்ளேனை விட்டு இறங்கியதும் வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள், நாற்றம் தாங்காது என்று சொல்லி, வயலும் ஆடுகளுமாக இருந்த ஒரு சின்ன ஊரில் வெள்ளைக்காரக் கிழவி நடத்துகிற விடுதியில் என்னைத் தங்கவைத்தாய். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் ஒன்பது மணிக்குக் காரில் வருவாய், ஒரு கோட்டைக்குக் கூட்டிப்போவாய், பொழுது சாயும் முன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவாய். ரெண்டு நாளில் பெயிண்ட் காய்ந்துவிடும் என்று நானும் நினைத்தேன். கூரை இல்லாத கோட்டை, சுற்றிலும் அகழியில் வாத்து நீந்துகிற கோட்டை, ஒரே ஒரு சுவர் மட்டும் நின்று அதன் சன்னல் வழியாக மேகம் தெரிகிற கோட்டை, சாமியார்கள் இருந்து இடிந்துபோன ஒரு மடம், எல்லாம் சேர்த்துப் பதினொன்று. பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. ராசா படுத்த இடம் இது, சமையல் கட்டு இது, குதிரை கட்டிய இடம் இது என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாய். இம்புட்டுக் கல்லையும் சுமந்தவர்கள் வீடு எங்கே இருந்தது என்று கேட்டேன். அதெல்லாம் மண் வீடாக இருந்திருக்கும், மிஞ்சியிருக்காது என்றாய். வழுக்குகிற படிகளில் என் கையை நீ விடவே இல்லை, மழை வந்தபோது நீ போட்டிருந்த கோட்டுச் சட்டையைக் கழற்றி என் மேல் போட்டாய், அதை எல்லாம் நான் மறக்கவில்லை. என்மேல் உனக்குப் பாசம் இல்லை என்று நான் எழுதவில்லை சோணை, பாசம் இருந்தும் அப்படிச் செய்தாயே என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஏழாவது கோட்டையில், கோபுரத்திலிருந்து இறங்கி வந்து புல்லில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தோம். உன் மனைவியோடு வேலை பார்க்கிற டாக்டரம்மா, நம் தமிழ் ஆட்கள்தான், புருசன் பிள்ளைகளோடு எதிரே வந்துவிட்டார்கள். முத்து, நீங்க எங்க இங்க என்று அந்த அம்மாள் கேட்டதும் நீ எழுந்து நின்ற வேகத்தில் ரொட்டி கீழே விழுந்தது. என்னைப் பார்த்து யார் என்று கேட்டார்கள். நீ சொன்னாய்:

"இவர் எங்க ஊர்ப் பக்கத்துக்காரர். கோட்டையெல்லாம் பாக்கணும்னு ஆசைப்பட்டு வந்திருக்கார்."

அந்த அம்மாள் நல்ல மனுஷி, என் பக்கம் திரும்பி, குளிர் ஒத்துக்கொள்கிறதா, ஊரில் உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்கள். நான் உன் முகத்தைப் பார்த்தேன், காலேஜில் பரீட்சை முடிவை ஒட்டும்போது பையன்கள் நிற்பது போல நின்றாய். ஒரு பொண்ணு மட்டும்தாம்மா என்று சொன்னேன். அவர்கள் போன பிறகு காரில் வெகுதூரம் வந்து, ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, கல்யாணத்தப்ப அவங்க வீட்ல ஐயாவும் அம்மாவும் உசுரோட இல்லன்னு சொல்லிட்டேன், இப்ப எப்படி மாத்திச் சொல்றது என்று அழுதாய். ஏன் அப்படிச் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. அப்பன் என்ன வேலை, என்ன ஆட்கள் என்ற கேள்விகள் வந்திருக்கும், அதற்குப் பதில் சொல்வதைவிட எங்களைக் கொன்றுவிடுவது உனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. நான் சரிப்பா என்றேன். அதற்குப் பிறகும் நாலு கோட்டைகளுக்குப் போனோம், நீ அப்போதும் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டுதான் வந்தாய், நான் தலையாட்டிக்கொண்டு வந்தேன்.

ஊர் திரும்பிய அன்றைக்கே நானும் பொய்யில் இறங்கிவிட்டேன். உன் பர்ஸில் இருந்த போட்டோவில் ஒரு தரம் பார்த்த பிள்ளையை வைத்து, அது என் மடியில் ஏறி உட்கார்ந்தது, என் மீசையைப் பிடித்து இழுத்தது, மோவாய் அப்படியே உன்னது என்று அம்மாவிடம் சொன்னேன். மருமகள் எனக்குத் தட்டில் சோறு போட்டாள் என்றேன். உன் வீட்டில் மாடிப்படி எத்தனை என்று அம்மா கேட்டாள், ஏதோ ஒரு கோட்டையின் நினைவில் முப்பது என்று சொல்லிவிட்டேன், பிள்ளை தவறி விழுந்துவிடப் போகிறது என்று அன்றிலிருந்து கவலைப்பட்டாள். தெருவில் ஒருத்தர் விடாமல் போய்ச் சொன்னாள். உடம்பு முடியாமல் படுத்த பிறகும் தினம் அந்தப் பிள்ளை என்ன செய்தது என்று கேட்பாள், நானும் புதிது புதிதாகக் கட்டிச் சொல்வேன்.

லீவு இல்லை என்று உன் கார்டு வந்ததும் அவள் அழவில்லை. அவனுக்கு வர முடியாட்டி நான் போறேன் என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளையை விட்டு பாஸ்போர்ட் பாரம் வாங்கி வரச் சொன்னாள். எழுந்து நிற்கவே ஆள் பிடிக்க வேண்டும், அந்த உடம்போடு நீலச் சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டு ரிக்ஷாவில் ஸ்டூடியோவுக்கு வந்தாள். முக்காலியில் உட்காரவைத்து, போட்டோக்காரர் தலையை நிமிர்த்தச் சொல்கிறார், அவளுக்கு வலியில் நிமிர்த்த முடியவில்லை, ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்த்திவிட்டுச் சிரிக்கிறாள். அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை சோணை. வீட்டுக்கு வந்து, மலையம்மாளை வெளியே அனுப்பிவிட்டு, அவள் காலடியில் உட்கார்ந்து விடுதி, டாக்டரம்மா, பாலத்துக்குப் பக்கத்தில் நீ அழுதது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பேத்தியை நான் பார்க்கவே இல்லை என்பதையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்:

"அம்புட்டுக் கோட்டையும் நீங்க நடந்தா ஏறுனீக? முழங்காலு வலிக்கலையா?"

என் வாழ்நாளில் நான் அப்படி அழுததில்லை. சாகக் கிடக்கிறவள் தைலத்தை எடுத்துவரச் சொல்லி என் முழங்காலில் தேய்த்துவிட்டாள்.

அன்றோடு உன் பேச்சை அவள் எடுப்பதில்லை. பாஸ்போர்ட் பாரத்தை மடித்து மலையம்மாளிடம் அடுப்பில் போடக் கொடுத்துவிட்டாள். நேற்று சனிக்கிழமை மாப்பிள்ளை வந்தபோது பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, மாப்ள, எனக்கு நீங்களே கொள்ளி வச்சிருங்க, ஊருல யாருக்கும் பதில் சொல்ல வேணாம் என்று நிதானமாகச் சொன்னாள். அவர் பதறிப்போய் என் முகத்தைப் பார்த்தார். நான் ஏதாவது மறுத்துச் சொல்வேன் என்று நினைத்திருப்பார். நான் அவளுக்கு மருந்து கரைக்க எழுந்து போய்விட்டேன்.

இந்தக் கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியாது. நீ வந்தால் முகம் கொடுத்துப் பேசுவாளா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, வா என்று கூப்பிடவும் எனக்குத் துணிச்சல் இல்லை, வராதே என்று எழுதவும் கை வரவில்லை. உன் மனைவியிடம் உண்மையைச் சொல் என்று புத்தி சொல்லத் தோன்றுகிறது, சொல்லி உன் குடும்பம் கலைந்துவிட்டால் அந்தப் பாவமும் என் தலையில்தான் விழும் என்று பயமாக இருக்கிறது. குளிரில் மார்பை மூடிக்கொண்டு போ, காரை மெதுவாக ஓட்டு. பேத்திக்கும் மருமகளுக்கும், அவர்களுக்கு என்னைத் தெரியாவிட்டாலும், என் ஆசீர்வாதம். நீ நூறு வயது நோய் நொடி இல்லாமல் இரு. ஒன்றை மட்டும் மறக்காமல் எழுது. இந்தக் கடிதத்தையும் உன் ஆபீஸ் விலாசத்துக்குத்தான் போடுகிறேன், என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். சனி, ஞாயிறில் ஆபீஸ் பூட்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறாய். அந்த ரெண்டு நாளில் தந்தி கொடுக்க வேண்டி வந்தால் எந்த விலாசத்துக்குக் கொடுப்பது?

இப்படிக்கு,
உன் ஐயா
க. சோலை