வெள்ளிக்கிழமைச் சட்டிகள்

என் செல்விக்கு,

நீர் போய் இது இரண்டாவது மாரி. சந்தையில் நம்முடைய மரக்கறிக் கடை ஓடுகிறது. நான் சுகம் என்று எழுதினால் நம்பவா போகிறீர்?

போன புதன்கிழமை ஒரு பெட்டை கடைக்கு வந்தாள். பெயர் மிரியம். பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் படிக்கிற யூதப் பிள்ளை. "தாவிதே அனுப்பினவன். வெள்ளிக்கிழமைச் சாப்பாடு இப்பவும் இருக்கோ?" என்று இத்தாலியனில் கேட்டாள்.

தாவிதேயை மறந்திருப்பீரா? அல்பெர்கேரியாப் பகுதியில் நமக்கு மேல்மாடியில் இருந்து படித்தவன். யூதருடைய சாப்பாட்டு விதிப்படி வளாகத்துக் கன்ரீனில் அவனுக்கு ஒத்தது ஆப்பிளும் தண்ணீரும்தான். நம்முடைய வீட்டில் வெள்ளிக்கிழமைச் சைவத்துக்குச் சட்டி வேறு, மச்சம் பட்டதே இல்லை என்று நீர் சொன்னதும் துள்ளிக் குதித்தான். ஒரே ஒரு நிபந்தனை வைத்தான்: அடுப்பை அவன்தான் மூட்டவேண்டும், அதுவும் பொழுது படமுன்னர். யூதர் மூட்டின அடுப்பில் வெந்ததுதான் அவர்களுக்கு ஆகும்; வெள்ளி பொழுது பட்டதிலிருந்து சனி இரவு வரை ஓய்வுநாள், நெருப்பு மூட்டக்கூடாது. "மூட்டுறது நீ, கிண்டுறது நான். அகப்பையிலை கை வைச்சியோ, தெரியும்" என்றீர்.

பிறகு ஐந்து பேரானார்கள். வளாகத்து யூதப் பிள்ளைகள் முழுப்பேரும் நம்முடைய மேசையில்தான் என்று அவனே சிரிப்பான். கைபேசியை எடுக்காமல், பாட்டும் வாக்குவாதமுமாக இருப்பார்கள். சனிக்கிழமை விழுந்த சோதனையைத் திங்களுக்கு மாற்ற ஒருத்தி அலைந்தாளே. பேராசிரியர் சம்மதித்த கிழமை நீர் பாயசம் வைத்தீர். "பேசாமல் ஒரு சாப்பாட்டுக்கடை திறப்பம்" என்றேன். "உங்களுக்கு எதைப் பாத்தாலும் யாவாரம்" என்று முகத்தைத் திருப்பினீர்.

உமக்கு ஒன்று சொல்லவேண்டும். நீர் போன பிறகு நான் சட்டிகளைப் பிரித்து வைக்கவில்லை. தனி ஆளுக்கு எதற்கு இரண்டு அடுக்கு? கோடையில் ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் வாங்கிய கணவாய் மீனை உம்முடைய பருப்புச் சட்டியிலேயே சமைத்தேன். அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை.

மிரியம் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள். நேற்றைய தக்காளியை இன்றையது என்று விற்றவன் நான். சட்டியும் மினுங்கிக்கொண்டு கிடக்கிறது. "ஓம், வா பிள்ளை" என்றால் யாருக்குத் தெரியும்? ஆனால் அந்தப் பிள்ளை என்னை நம்பி வாயில் வைக்கப்போகிறாள்.

"சட்டி கெட்டுப்போச்சுது பிள்ளை. கணவாய் சமைச்சிட்டன்" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப புதுசு வாங்குவம். ஆனா அது என்ரை சட்டியா இருக்கவேணும். சமைக்க முன்னம் கடலிலை தோய்க்கவும் வேணும், அது எங்கடை முறை."

வியாழக்கிழமை புதுச் சட்டி வாங்கி அவளுக்கே கொடுத்தேன். கடலுக்குப் போனோம். காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கி, ஏதோ முணுமுணுத்துச் சட்டியை அமிழ்த்தினாள். கரையில் நின்ற மீன்காரன் கத்தினான்: "வீட்டிலை தண்ணி வரேல்லையோ?" அவள் சிரித்த சிரிப்பில் சட்டி கைநழுவிப் போகப் பார்த்தது.

மறுநாள் இன்னும் இரண்டு பேரோடு வந்தாள். அவள் அடுப்பை மூட்டினாள். நான் பருப்பு வைத்தேன். உப்புக் கூடிவிட்டது. வழித்துச் சாப்பிட்டார்கள். மாலை போட்ட உம்முடைய படத்தைக் காட்டி யார் என்று கேட்டார்கள். சொன்னேன். அன்றைக்குத்தான் வீட்டில் உம்மைப் பற்றி வாய் திறந்து கதைத்தேன்.

இனி வெள்ளிக்கிழமைகளில், சந்தை எவ்வளவு சூடாக இருந்தாலும், நாலு மணிக்குக் கடையைப் பூட்டுவேன். இது சத்தியம். கணவாயை விடச் சொல்லி மட்டும் கேளாதேயும். அது வேறு சட்டியில், வேறு நாளில்.

நீர் 'இஞ்சருங்கோ' என்று கூப்பிட்ட
உம்முடைய மனிசன்