கூறு மேல் வைத்த கத்தி

இந்நேரத்துக்கு எழுதுவதற்கு மன்னித்துக்கொள். இஷா தொழுதுவிட்டுப் படுத்த பின் உன்னை எவர் எழுப்பினாலும் திட்டுவாய். அதை நான் மறக்கவில்லை. பகலில் எழுத முடியவில்லை. மகள் என் இடுப்பை விட்டு இறங்குவதில்லை. இப்போதுதான் தூங்கினாள், முகத்தைச் சுவருக்குக் கொடுத்தபடி.

அவளுடைய மஞ்சள் கவுன் வாளியில் ஊறுகிறது. கல் உப்புப் போட்டால் ரத்தக் கறை விட்டுவிடும் என்றார் எதிர்வீட்டு அக்கா. தண்ணீரை மாற்ற மாற்றச் சிவப்பு வெளிறுகிறதே தவிர, போகவில்லை. குனிந்து கசக்கும்போது உப்பும் ரத்தமும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. உடனே நீதான் நினைவுக்கு வந்தாய். பேகம்பூரில் உன் அத்தாவின் தோல் கிடங்கு. முதல் தடவை கூட்டிப்போனபோது வாசலிலேயே குமட்டினேன். “உள்ள வாடி, மூக்கு தன்னால பழகிரும்” என்று கையைப் பிடித்து இழுத்தாய். பழகவில்லை. உரித்த தோல்கள் தலையும் காலும் இல்லாமல் உப்புக்குள் அடுக்கிக் கிடந்தன. அந்தக் கிடங்கின் மூலையில் உட்கார்ந்துதான் நீ எம்.எஸ்ஸி. கணக்குப் பரீட்சைக்குப் படித்தாய்.

பங்கீடு பற்றிய அந்த வகுப்பு நினைவிருக்கிறதா? இரண்டு பேர் ஒரு பொருளைப் பிரிக்கும்போது, எது யாருக்கு என்பதைக் குலுக்கலுக்கு விட்டால் இருவருக்கும் சமவாய்ப்பு. ஆகவே ஒருவரும் குறை சொல்ல முடியாது என்று சார் போர்டில் எழுதி அடிக்கோடு போட்டார். நீ எழுந்தாய்.

“சார், தோத்தவன் கையில கத்தி இருந்தா?”

வகுப்பே சிரித்தது. “அதெல்லாம் கணக்குல வராதும்மா” என்றார்.

“அப்ப கணக்குலதான் சார் விட்டுப்போச்சு.”

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் சொன்னாய்: “பக்ரீதுக்கு எங்க அத்தா தராசுல நிறுத்துதான் ஏழு பங்கு வைப்பாக. எடையெல்லாம் ஒண்ணுபோல இருக்கும். ஆனாலும் எலும்பு எவனுக்கு விழுந்துச்சோ அவன் மூஞ்சியப் பாக்கணுமே.” எல்லோரும் சரி என்று சொல்லும் ஒன்றை உடைக்க ஒரே ஒரு எதிர்ச்சான்று போதும் என்பாய். அது உனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை, கிடங்கிலிருந்து வந்தது.

என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் வேடசந்தூர்ப் பக்கத்துத் தோட்டத்தைப் பிரித்துக்கொள்வதாக முடிவானது. நூல் பிடித்து இரண்டாக அளந்தார்கள். அளவு ஒன்றுதான். தண்ணீர் ஊறும் கிணறு மட்டும் ஒரு பாதியில். கிணறு பொதுவில் இருக்கட்டும் என்று நான் சொன்னேன். மோட்டார் போடும் முறைக்காக மாறி மாறி மண்டையை உடைத்துக்கொண்டது போதும் என்றார்கள். குலசாமி கும்பிடும் அன்றைக்கு, கறிக்குக் கூறு வைப்பதுபோலவே மண்ணுக்கும் வைத்துவிடுவது என்று பேசினார்கள்.

எங்கள் ஊர்க் கூறு உனக்குத் தெரியும். ஒருமுறை வந்து வேடிக்கை பார்த்தாய். கறியைச் சரிசமமாகக் குவித்து, ஒருவரை முதுகு காட்டி நிற்க வைப்பார்கள். வெட்டியவர் கத்தி முனையை ஒரு கூறின் மேல் வைத்து “இது யாருக்கு?” என்பார். நிற்பவர் பார்க்காமலே ஒரு பெயர் சொல்ல வேண்டும். எல்லாம் முடியும்வரை திரும்பக் கூடாது. இந்த வருஷம் என் மகளை நிறுத்தினார்கள். பிள்ளைக்குச் சூது தெரியாது என்பதால். நாலு வயது முடியவில்லை. அவளுக்கு ஒரே பெருமை.

அய்யலூர்ச் சந்தையில் பிடித்து வந்த கிடாயை அவளுடைய பெரியப்பாதான் அறுத்தார். கறி பிரிப்பதில் வம்பில்லை. பிறகு இரண்டு வாழை இலையில் மண் வந்தது. ஒன்று கிணற்றுப் பக்கத்து மண், மற்றது ரோட்டுப் பக்கத்து மண். கறி ஒட்டிய கத்தியைத் துடைக்காமல் அவர் முதல் இலையில் வைத்தார். கிணற்று மண்.

“இது யாருக்கு தாயி?”

“எங்கப்பாவுக்கு.”

பெரியப்பாவின் மனைவிதான் ஆரம்பித்தார். “அம்மாக்காரி காலேசு படிச்சவள்ல. சொல்லிக்குடுத்துக் கூட்டியாரத் தெரியாதாக்கும்?”

என் வீட்டுக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பை மட்டும் அவர் தவிர்த்திருக்கலாம். “சாமியே சொல்லிருச்சு. அப்புறம் என்னண்ணே, இலையை எடு.”

“ஏலே, யாரு சாமி? ஒம் மகளா?”

கத்தி ஏறியதை நான் பார்க்கவில்லை, இறங்கியதைத்தான் பார்த்தேன். என் வீட்டுக்காரர் இடது கையைத் தூக்கினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சதை வாய் பிளந்தது. இரண்டாவது வெட்டு தோளில். கிடாயை உரித்த அதே தார்ப்பாயில் விழுந்தார். எழுந்தவர் அண்ணன் முகத்தில் தலையால் இடித்தார். மூக்கு உடைகிற சத்தம் கேட்டது. இலைகள் மிதிபட்டு, கிணற்று மண்ணும் ரோட்டு மண்ணும் ஒன்றாகச் சேறானது. எது யாருடைய ரத்தம், எது கிடாயினுடையது என்று தெரியவில்லை.

மகள் திரும்பவே இல்லை. சொல்லும்வரை திரும்பக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள் அல்லவா. தெறித்தது அத்தனையும் அவள் முதுகில். “அம்மா, யாரோ வெந்நி ஊத்துறாக” என்றாள். “திரும்பலாமா?”

தோளிலும் கையிலும் தையல் போட்டு அவரை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். அண்ணன் ஜாமீனில் இருக்கிறார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பிள்ளையை வைத்துக்கொண்டே பேசினார்கள். “அது வாயைத் திறந்துச்சு, வெட்டு விழுந்துச்சு.” நேற்றுச் சோறு ஊட்டும்போது அவள் கேட்டாள்: “பெரியப்பாவுக்குன்னு சொல்லிருந்தா அப்பாவுக்கு ரத்தம் வந்திருக்காதுல்லம்மா?”

உருட்டிய கவளத்தைத் தட்டிலேயே வைத்தேன்.

உன்னைக் கொண்டுவந்து கிடத்திய அன்றும் இப்படித்தான் பேசினார்கள். மில் பஸ் உன் ஸ்கூட்டியைப் பாலத்துச் சுவரோடு நசுக்கியிருந்தது. முகத்தைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உன் மாமியார், “வேலைக்குப் போகாம வீட்டுல இருந்திருந்தா இது நடந்திருக்குமா?” என்று அழுதார். உன் அத்தா எழுந்து நின்று, “அந்த டிரைவர் குடிக்காம இருந்திருந்தான்னு ஏன் ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறீக?” என்று கேட்டார். எதை எடுத்துவிட்டால் நடக்காமல் போயிருக்கும் என்று தேடும்போது, எல்லோரும் முதலில் எடுப்பது எதிர்த்துப் பேச முடியாத ஆளைத்தான்.

கல்லூரி கம்ப்யூட்டர் லேப்பில், புரோகிராமில் பிழை தேடும்போது நீ சொல்வது ஞாபகம் வந்தது. “சந்தேகப்படுற வரியை மட்டும் மாத்திட்டு, மிச்சத்தை அப்படியே ஓடவிட்டுப் பாரு.” மாற்றிப் பார்த்தேன். கிணற்று மண் பெரியப்பாவுக்கு என்று மகள் சொல்கிறாள். பிறகு?

அந்த விடை இன்று காலை கிடைத்தது. மருந்துச் சீட்டை எடுக்க என் வீட்டுக்காரருடைய வண்டிப் பெட்டியைத் திறந்தேன். சாக்கில் சுற்றிய அரிவாள். தீட்டிய வாய் பளபளத்தது.

“இது எதுக்கு?”

“எதுக்கும் இருக்கட்டும்னுதான்.”

“அன்னைக்கு சாமி கும்பிடப் போறப்பவா?”

“கிணறு அவனுக்கு விழுந்திருந்தா, இலையை மடிச்சுக் குடுத்துட்டு வந்திருப்பேன்னா நெனச்ச?”

அவ்வளவுதான். என் மகள் எந்தப் பெயரைச் சொல்லியிருந்தாலும் அவள் முதுகு நனைந்திருக்கும். யாருடைய ரத்தம் என்பது மட்டும்தான் அவள் வாயில் இருந்தது. அவள் காரணமில்லை. நிரூபித்துவிட்டேன், நீ பார்த்தால் சரி போட்டிருப்பாய்.

ஆனால் இதை அவளிடம் எப்படிச் சொல்வேன்? அவள் மேல் குற்றமில்லை என்று காட்ட வேண்டுமானால், தையல் போட்ட கையோடு படுத்திருக்கும் அவள் அப்பாவும் வெட்டத்தான் போயிருந்தார் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், அந்த வெட்டை அவளே சுமந்துகொண்டு வளர்வாள்.

வெள்ளிக்கிழமை மறுபடி கூறு வைக்கிறார்கள். சாமி குத்தம் தீர, அதே பிள்ளையை நிறுத்த வேண்டுமாம். நிறுத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மாமனார் காரணம் கேட்டார். நீ வகுப்பில் கேட்டதையே திருப்பிக் கேட்டேன்: “தோத்தவர் கையில கத்தி இருந்தா?” யாரும் சிரிக்கவில்லை. அரிவாள் இப்போது என் அரிசி டிரம்முக்கு அடியில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் கேட்டார், கொடுக்கவில்லை.

மகள் தூக்கத்தில் முனகுகிறாள். சுவரைப் பார்த்தபடியே, “திரும்பலாமா?” என்கிறாள். திரும்பலாம் என்று நான் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். திரும்ப மாட்டேன் என்கிறாள்.

சின்னப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எதையும் சொல்ல உனக்குத்தான் வரும். அவளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல். சீக்கிரம் பதில் போடு.